குழுவின் குழாயா, துறையின் குழாயா? கிழக்குப் பாலக்காட்டின் தண்ணீர்க் கணக்கு

வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை என்று தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்த எல்லையோரப் பஞ்சாயத்துகளில் குடிநீருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஊர்க்காரர்களே குழு அமைத்து நடத்தும் ஜலநிதி. மற்றொன்று, கேரள அரசின் குடிநீர் நிறுவனமான வாட்டர் அத்தாரிட்டி, அதாவது ‘துறை’, நடத்தும் பெரிய திட்டம். மழைமறைவுப் பகுதி என்பதால் கோடையில் இரண்டும் கைவிட்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்பதும் உண்டு. எது மேல் என்ற கேள்விக்கு என் பதில் எந்த ஒரு பக்கமும் முழுதாகச் சாயாது. காரணத்தைச் சொல்கிறேன்.

ஜலநிதி 2000-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கியது. முதல் கட்டத்தில் பாலக்காட்டோடு திருச்சூர், மலப்புரம், கோழிக்கோடு மாவட்டங்களும் சேர்ந்திருந்தன. கட்டுமானச் செலவில் அரசு 75 சதவீதம், பஞ்சாயத்து 10, பயனாளிகள் 15. அதன்பிறகு மின்கட்டணம், ஆபரேட்டர் சம்பளம், பழுது எல்லாம் குழுவின் பொறுப்பு. இதன் பலத்தை அறிய குழுச் செயலாளரின் நோட்டைப் புரட்டினால் போதும். வீட்டுக்கு ஒரு வரி, மாதத்துக்கு ஒரு கட்டம், பாக்கி வைத்தவர் பெயருக்கு நேரே சிவப்பு மை. கேரளத்தின் மகளிர் சுயஉதவிக் குழு அமைப்பான குடும்பஸ்ரீயில் கணக்கு எழுதிப் பழகிய பெண்கள் இதைக் கருத்தாகப் பார்த்துக்கொள்கிறார்கள். குழாய் உடைந்தால் அன்றைக்கே மண்வெட்டியோடு ஆள் வருகிறது. பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தவர்களுக்கு அது எந்த வேலியோரம் போகிறது என்பது தெரியும். இப்படி ஒரு பொறுப்புணர்வை எந்தத் துறையும் ஆணை போட்டு உண்டாக்கிவிட முடியாது.

ஆனால் குழுவின் அதிகாரம் தரைக்கு மேலே மட்டுந்தான். பக்கத்துத் தோப்பில் இன்னும் ஆழமாக ஒரு போர்வெல் போட்டால், குழுவின் கிணறு காற்றை இறைக்கிறது. நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்காக பிளாச்சிமடை மக்கள் கோகோ கோலா ஆலையை எதிர்த்து 2002 முதல் ஆண்டுக்கணக்கில் போராடியது இதே சித்தூர் தாலுகாவில்தான். தண்ணீர் கிடைத்தாலும் இப்பகுதியின் பல ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிவிட்டால் பிள்ளைகளின் பல்லில் கறை ஏறும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பையும் பாதிக்கும். எவ்வளவு நேர்மையாகக் கணக்கு எழுதினாலும் ஃபுளோரைடு இறங்காது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மோட்டார் எரிந்தால் வீட்டுக்கு வீடு தனி வசூல். கூலி வேலைக்காரக் குடும்பம் அதைக் கொடுக்க முடியாமல் விலகுகிறது. மிஞ்சியவர்களின் பங்கு கூடுகிறது. அடுத்த பழுதில் மேலும் இரண்டு வீடுகள் விலகுகின்றன. வறிய வீடுகள்தான் முதலில் வெளியே போகின்றன என்பதை இந்தத் திட்டத்தைப் புகழ்பவர்கள் பேச மறுப்பது எனக்கு வேதனையளிக்கிறது.

பெரிய திட்டத்தில் ஆற்று நீர் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. ஃபுளோரைடு தொல்லை இல்லை. ஆனால் சித்தூர்ப் புழை என்ற அந்த ஆற்றில் நீர் ஓடுவது தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தையும் பொறுத்தது. எல்லையோர மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீரைத் தமிழ்நாடு கேரளத்துக்குத் தர வேண்டும். வறண்ட ஆண்டில் அதற்கே இரு மாநிலப் பேச்சுவார்த்தை தேவைப்படுகிறது. உள்ளூரிலோ கடைக்கோடி வீட்டுக்கு அழுத்தம் எட்டாது. சாலையில் கசிவு ஏற்பட்டால், ‘அது துறையின் வேலை’ என்று அனைவரும் தாண்டிப் போகிறோம்.

கராச்சியின் ஒரங்கி குடியிருப்பில் 1980-ல் அக்தர் ஹமீது கான் தொடங்கிய சாக்கடைத் திட்டம் இந்த இடத்தில் உதவுகிறது. இருபது முப்பது வீடுகள் சேர்ந்த ஒவ்வொரு சந்தும் தன் கழிவுக் குழாயைத் தன் பணத்தில் பதித்துக்கொண்டது. தொழில்நுட்ப உதவி மட்டும் வெளியிலிருந்து வந்தது. பிரதானக் கால்வாயும் சுத்திகரிப்பும் அரசின் வேலை என்று அவர் கோடு கிழித்தார். ஜலநிதி அந்தக் கோட்டைத் தாண்டி, நீராதாரத்தையும் ஏழைகளின் தலையில் வைத்தது. வாட்டர் அத்தாரிட்டியோ சந்துக் குழாயையும் தானே வைத்துக்கொண்டது.

ஆந்திரச் சித்தூர் உட்பட ஏழு வறட்சி மாவட்டங்களில் விவசாயிகளே நிலத்தடி நீரை அளந்த திட்டமும் கவனிக்கத்தக்கது. மழைமானியைப் பார்ப்பது, கிணற்று மட்டத்தை அளப்பது, அதை ஊர்ப் பலகையில் எழுதுவது, பருவத்துக்கு முன் எந்தப் பயிருக்கு எவ்வளவு நீர் என்று கூடிக் கணக்குப் போடுவது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஜலநிதி நோட்டில் வசூலுக்குப் பத்தி இருக்கிறது. நீர்மட்டத்துக்கும் ஒரு பத்தி வேண்டும்.

ஆகவே ஆறும் சுத்திகரிப்பும் மேல்நிலைத் தொட்டியும் துறைக்கு. தொட்டிக்குக் கீழே உள்ள தெருக்கள் குழுவுக்கு. தொட்டியடியில் ஒரு மீட்டர் வைத்து, துறை மொத்தமாக நீரை விற்கட்டும். குழு வசூலித்துக் கட்டட்டும். கொடுக்க முடியாத வீடுகளின் பங்கைப் பஞ்சாயத்து ஏற்க வேண்டும். குறித்த அளவு வராத நாளுக்குத் துறை பணம் கேட்கக் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. அதற்கான புதுக் குழாய் வந்துவிட்டது என்று பழைய ஜலநிதிக் குழுக்களைக் கலைத்துவிடக் கூடாது. அவர்களின் போர்வெல்லையும் மூட வேண்டாம். மட்டத்தை அளந்துகொண்டே, ஆறு வறளும் மாதங்களில் துணி துவைக்கவும் மாட்டுக்கும் அது பயன்படட்டும்.