லேப்டாப்பைப் பிரித்தால் உள்ளே சமையலறை அலுமினியத் தாள்!

சூடாகும் லேப்டாப்பைச் சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. இந்த வேலையைச் செய்வது அவர்கள் மட்டும்தான் என்று நான் நம்பவும் இல்லை.

என் லேப்டாப்பின் பின்பக்கக் கால்களுக்கு அடியில் பாட்டில் மூடிகளை வைத்துப் பயன்படுத்தி வந்தேன். காற்றை இழுக்கும் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. கொஞ்சம் உயர்த்தி வைத்தாலே சில டிகிரி குறையும். இதைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்தார். "இப்படி வீட்டு வைத்தியம் செய்துதான் சார் எல்லோரும் மதர்போர்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். முழுக்கப் பிரித்து, தூசி எடுத்து, புது தெர்மல் பேஸ்ட் போட்டுத் தருகிறோம்" என்றார். செயலியின் (பிராசஸர்) சூட்டை, அதை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்குக்குக் கடத்தும் பசைதான் இந்தப் பேஸ்ட்.

திரும்பி வந்த லேப்டாப்பின் மேல்பகுதி பளபளத்தது. ஆனால் ஒரு வீடியோ அழைப்புக்கே செயலியின் வெப்பநிலை 97 டிகிரியைத் தொட்டது. பல இன்டெல் லேப்டாப் செயலிகளுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மீறினால் கணினி அணைந்துவிடும். என்னுடையதில் இரண்டும் நடந்தன. கேட்டதற்கு, பேஸ்ட் படிய நாளாகும் என்றார்கள். பேஸ்ட் படிவதால் ஓரிரு டிகிரி மாறலாம், அவ்வளவுதான். அடுத்த முறை கேட்டபோது போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள்!

வேறொரு மெக்கானிக் என் கண்ணெதிரே அதைத் திறந்தார். செயலியைச் சுற்றியுள்ள நினைவகச் சில்லுகளும் மின்சாரத்தைச் சீராக்கும் பாகங்களும் ஹீட் சிங்கை நேரடியாகத் தொடுவதில்லை. இடைவெளியை நிரப்ப 0.5 மி.மீ., 1 மி.மீ. என்று குறிப்பிட்ட தடிமனில் மெத்தென்ற தெர்மல் பேட்கள் இருக்கும். கழற்றும்போது இவை எளிதில் கிழியும். அதே அளவில் புதிது வைக்க வேண்டும். அந்த இடங்களில் எல்லாம் உணவு பொதியும் அலுமினியத் தாளை மடித்து மடித்துச் செருகியிருந்தார்கள். மடிப்புகளுக்குள் காற்று நிற்கும். காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படுமோசம். அதைவிடக் கொடுமை, மடிப்பின் தடிமனால் ஹீட் சிங்க் மேலே தூக்கிக்கொண்டு, செயலியின் மீதே சரியாக அழுந்தவில்லை. புது பேஸ்ட் போட்டும் சூடு கூடியதற்குக் காரணம் அதுதான். தாள் நழுவி ஏதாவது இரண்டு முனைகளைத் தொட்டிருந்தால் ஷார்ட் ஆகிப் போர்டு உண்மையாகவே போயிருக்கும். ஃபேனுக்கும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கும் நடுவே இருந்த தூசி, கம்பளித் துண்டுபோல அப்படியே கிடந்தது. என்ன சர்வீஸோ!

வீட்டு வைத்தியத்தைக் கேலி செய்த கடை செய்த வைத்தியம் இது. காட்டியதும், "முன்பே இருந்திருக்கும்" என்றார்கள். அதற்கு முன் அந்த லேப்டாப்பை யாருமே திறந்ததில்லை. ஆனால் ரசீதில் இருந்தது 'சர்வீஸ்' என்ற ஒரே சொல். அதை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? பணம் திரும்பவில்லை. ஆகவே, கொடுப்பதற்கு முன் ஒரே வேலையில் வெப்பநிலை எவ்வளவு போகிறது என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் திறந்த நிலையில் புகைப்படம் கேளுங்கள். பேட் மாற்றினால் அதன் தடிமனை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். பேஸ்டுக்குப் பதில் 'லிக்விட் மெட்டல்' (திரவ உலோகம்) போடுகிறோம் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை: அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும், மின்சாரத்தையும் கடத்தும்.

புது பேட்கள் வைத்தபின் அதே வீடியோ அழைப்பு எழுபதுகளில் நிற்கிறது. மூடிகளையும் நான் எடுக்கவில்லை. விண்டோஸின் பவர் அமைப்பில் செயலியின் அதிகபட்ச அளவை 99 சதவீதமாக வைத்தால் பல லேப்டாப்களில் டர்போ வேகம் (செயலி தேவைப்படும்போது தானே கூட்டிக்கொள்ளும் வேகம்) நின்று சூடு நன்றாகவே தணியும், செலவே இல்லை. ஐஸ் பையை அடியில் வைப்பது மட்டும் வேண்டாம், உள்ளே ஈரம் பூக்கும். டச்பேட் மேலே எழும்புவதுபோல் தெரிந்தால் பேட்டரி வீங்குகிறது என்று பொருள்; சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை அணைத்துவிட்டு, பேட்டரியை மாற்றிய பிறகே மறுபடியும் இயக்குங்கள்.