அடிவாரத்து ரிசார்ட்டில் இரண்டு இரவுகள்: முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

விடுதியின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. தவிர, பெயரைச் சொன்னால் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததில் போய் இதே குழியில் விழுவீர்கள். நெல்லைச் சீமையின் மேற்குக் கோடியில், மலையடிவாரத்தில், தண்ணீர்ப் பூங்காவும் தங்கும் விடுதியும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடம் என்ற அளவில் போதும். நான் பாளையங்கோட்டைக்காரன். குற்றாலம் எனக்கு வெளியூர் இல்லை. உள்ளூர்க்காரனே ஏமாந்ததால்தான் எழுதத் தோன்றியது.

டிசம்பர் கடைசி வாரம், அரையாண்டு விடுமுறை. சென்னையிலிருந்து தங்கை, மாப்பிள்ளை, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். எங்கள் பக்கம் நான், மனைவி, மகன், 74 வயது அம்மா. மார்கழியில் குற்றாலத்தில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சபரிமலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ பேரருவியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. முழங்கால் வலியுள்ள அம்மாவை அந்த நெரிசலுக்குள் கூட்டிப் போக முடியாது, பிள்ளைகளுக்கோ தண்ணீரில் ஆட வேண்டும். அதனால்தான் பூங்கா உள்ள விடுதியைப் பிடித்தோம். கூட்டத்துக்குப் பயந்து நாங்கள் போன இடம் அது. இதை மறக்காமல் மேலே படியுங்கள்.

நவம்பர் 10ஆம் தேதி தொலைபேசியில் பேசினேன். தரைத்தளத்தில் அடுத்தடுத்து இரண்டு அறைகள், 26, 27 தேதிகளில் இரண்டு இரவுகள். அறைக்கு இரவொன்றுக்கு 6,900 ரூபாய். காலை உணவும் பூங்கா நுழைவும் அதிலேயே அடக்கம். 5 சதவீத வரியோடு சேர்த்து மொத்தம் 28,980 ரூபாய். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் இந்த விலை, ஆனால் ரத்து செய்தால் பணம் திரும்பாது என்றார்கள். கட்டினேன். தரைத்தளம், அடுத்தடுத்த அறைகள் என்று எழுதி மின்னஞ்சலில் உறுதியும் வந்தது. அந்த மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு அம்மா வெந்நீர்ப் பையை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

26ஆம் தேதி காலையில் தங்கை குடும்பம் பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசியில் இறங்கியது. நாங்கள் காரில் ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகப் போய் அவர்களையும் ஏற்றிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, பகல் ஒன்றரை மணிக்கு விடுதி வாசலை அடைந்தோம். வாசலில் தோரண வளைவு. அதில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் நிறுவனத்தின் விற்பனை முகவர்கள் மாநாட்டுக்கு நல்வரவு என்று ஆளுயர எழுத்துகள். உள்ளே நிற்க இடமில்லை. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட அறுநூறு பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு நான்கு மேசைகள், சந்தன மாலை, இளநீர். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஓரத்தில் ஒரே ஒரு மேசை. அதில் உட்கார்ந்திருந்த பையனுக்கு வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது (கேட்டேன்). யார் வீட்டுக் கல்யாணத்திலோ பந்தி கேட்டு நிற்பவர்களைப் போல மாலை ஐந்தரை மணி வரை நின்றோம்.

ஐந்தரைக்கு ஒரு சாவி கிடைத்தது. மூன்றாவது மாடி. தரைத்தளம் முழுவதும் மாநாட்டின் முக்கிய விருந்தினர்களுக்குப் போய்விட்டதாம். லிஃப்ட் இருக்கிறதே என்றார்கள். இருந்தது. ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் சாப்பாட்டு அண்டாக்களையும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. அம்மா ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கொஞ்சம் உட்கார்ந்தாள். அங்கேதான் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த முகவர் ஒருவர் எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். அந்த அண்ணாச்சியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது அறை? “துணைக் கட்டடத்தில் ஒதுக்கியிருக்கிறோம், சார்.” துணைக் கட்டடம் என்றால் வளாகத்துக்குள் வேறொரு கட்டடம் என்றுதானே நினைப்போம். மூன்று கிலோமீட்டர் தள்ளி, செங்கோட்டை போகும் சாலையில் இருந்த ஒரு லாட்ஜ் அது. வேறு ஒருவருடைய லாட்ஜ். தங்கையும் பிள்ளைகளும் அங்கே போனார்கள். மாப்பிள்ளை கோபக்காரர் இல்லை. பெட்டியை வைத்துவிட்டு வரவேற்பு மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்த கட்டணப் பலகையை நிதானமாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். இரட்டைப் படுக்கை அறை, ஒரு நாளைக்கு 1,800 ரூபாய். நாங்கள் கட்டியது 6,900. அங்கிருந்து பூங்காவுக்கு வந்து போக ஒரு வேன், மணிக்கு ஒரு முறை. இரவு ஒன்பதுக்கு மேல் அதுவும் இல்லை.

மேலாளரைப் பார்க்கவே ஒரு மணி நேரம் ஆனது. மிகப் பணிவான மனிதர். “கடைசி நேரத்தில் வந்த மாநாடு, சார். எங்களுக்கே எதிர்பாராதது. நீங்கள் கொஞ்சம் பெரிய மனது பண்ண வேண்டும்” என்றார். நானும் பண்ணினேன். அதுதான் என் முதல் முட்டாள்தனம்.

மறுநாள் பூங்கா. பிள்ளைகள் ஒரு மாதமாகக் கனவு கண்டது அந்த அலைக்குளத்தைத்தான். பதினொரு மணிக்குப் போனால் கயிறு கட்டியிருக்கிறது. முகவர்களின் குழு விளையாட்டுக்காக மூன்று மணி வரை மூடல். பெரிய சறுக்குகளுக்கு உயரக் கணக்கு உண்டு. தங்கையின் இளைய பிள்ளை கோட்டுக்கு இரண்டு விரல் கீழே. அந்தக் கண்டிப்பை நான் குறை சொல்ல மாட்டேன், விழுந்து அடிபட்ட பிறகு யாரைக் கேட்பது? ஆனால் அந்தக் குழந்தைக்கு மிஞ்சியது முழங்கால் அளவுத் தண்ணீரும் வாயால் நீர் துப்பும் ஒரு சிமெண்ட் யானையும்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் தொப்பை போட்ட அறுபது ஆண்கள் ரப்பர் வளையங்களில் ஏறிக்கொண்டு கூச்சலிட்டதை அவள் யானையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்குக் கயிற்றை அவிழ்த்தார்கள். நாலரைக்குப் பராமரிப்பு என்று மறுபடியும் மூடினார்கள்.

சாப்பாட்டை நீட்டி எழுதப் போவதில்லை. காலை எட்டேகாலுக்கு இட்லி தீர்ந்திருந்தது. பந்திக்கு முந்தத் தெரியாதது எங்கள் தவறு. மதியம் உணவுக்கூடம் மாநாட்டுக்கு என்று சொல்லி எங்களைப் புல்வெளிப் பந்தலுக்கு அனுப்பினார்கள். மூன்றரைக்கு ஆறிப்போன சாம்பார் சாதம் வந்தது. இந்த இடத்தில்தான் கோவில்பட்டி அண்ணாச்சி மறுபடியும் வருகிறார். ஆச்சி பசியோடு இருப்பதைப் பார்த்துத் தம்முடைய உணவுச் சீட்டை என் மகன் கையில் திணித்தார், கூடவே ஒரு பொட்டலம் கடலை மிட்டாய். பேச்சுவாக்கில், “கடைசி நேரத்தில் ஏற்பாடான மாநாடாமே, அண்ணாச்சி?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “யார் சொன்னது? ஆகஸ்ட் மாதமே தேதியும் இடமும் போட்டுச் சுற்றறிக்கை வந்துவிட்டதே” என்று செல்போனை எடுத்துக் காட்டினார். ஆகஸ்ட் 19. இதே விடுதி, இதே தேதிகள், தரைத்தளம் விருந்தினர்களுக்கு என்பது உட்பட எல்லாம் அதில் இருந்தது.

அதாவது நவம்பரில் எனக்குத் தரைத்தள அறைகள் இரண்டை விற்றபோது, அவை இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

பிறகு ஓட்டல் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். உள்ள அறைகளைவிடச் சில அறைகள் கூடுதலாகப் பதிவு செய்வது அந்தத் தொழிலில் வழக்கம்தானாம். சாதாரண நாள்களில் சிலர் வராமல் போவார்கள், கணக்குச் சரியாகிவிடும். மாநாட்டுக்காரர்கள் அப்படி வராமல் இருப்பதில்லை. மொத்தமாக அறைகளையும் அரங்கையும் சாப்பாட்டையும் எடுத்தவர்களை வேறு லாட்ஜுக்கு அனுப்ப எந்த நிர்வாகமும் துணியாது. இடம் பற்றாமல் போனால் வெளியே அனுப்பப்படுவது தனியாக வந்த குடும்பம்தான். அதிலும் முழுப் பணமும் கட்டி, ரத்து செய்தால் திரும்பாது என்று ஒப்புக்கொண்ட குடும்பம் என்றால் ரொம்பச் சௌகரியம். கோபித்துக்கொண்டு எழுந்து போனாலும் பணம் அவர்களிடம்தானே இருக்கிறது?

அன்று இரவு புல்வெளியில் பாட்டுக் கச்சேரி. மூன்றாவது மாடி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பத்தே முக்காலுக்கு வரவேற்புக்குப் பேசினேன், பத்து நிமிடம் என்றார்கள். பதினொன்றேகாலுக்கும் அதே பத்து நிமிடம். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பண்டிகைக் காலங்களுக்கு அரசு சில நாள்கள் விலக்குத் தரலாம். மிக்ஸி விற்பவர்களின் மாநாடு பண்டிகையில் சேராது. 100க்கு அழைத்தேன். கால் மணி நேரத்தில் சத்தம் நின்றது. அழைத்தவர் யார் என்று விடுதிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது போலும், மறுநாள் காலையில் எங்கள் அறைக்கு மட்டும் காப்பி வரவில்லை. தற்செயலாகக்கூட இருக்கலாம்.

தூக்கம் போனது போனதுதான் என்று நாலரை மணிக்கு எல்லோரும் கிளம்பி ஐந்தருவிக்குப் போனோம். இருட்டு விலகாத நேரம், சரண கோஷம், குளிர்ந்த தண்ணீர். அம்மா ஓரமாக நின்று கைகளால் அள்ளித் தலையில் விட்டுக்கொண்டாள். கூட்டம் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. இரண்டு நாளில் பிள்ளைகள் உண்மையாகச் சிரித்தது அந்த ஒரு மணி நேரம்தான், அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

இனி பில். கவனித்துப் படியுங்கள், சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

முழுப் பணமும் கட்டியாயிற்று, சாப்பாட்டுக் கணக்கு மட்டும்தான் பாக்கி என்று போனேன். அறைக்கு இரவொன்றுக்கு 900 ரூபாய் ‘விழாக்காலக் கூடுதல் கட்டணம்’ என்று போட்டிருந்தார்கள். நான்குக்கு 3,600. அதோடு போனால் பரவாயில்லை. 6,900உடன் 900 சேர்ந்தால் 7,800. அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம் (2025 செப்டம்பர் 22க்கு முன் 12 ஆக இருந்தது). 7,500ஐத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு வாடகைக்கும் 18 சதவீதம். ஆக 1,380 ரூபாயாக இருந்த வரி 5,616 ஆகிவிட்டது. அவர்கள் ஏற்றியது 3,600, என் கையிலிருந்து போனது 7,836. இதற்கு மேல் சாப்பாட்டுப் பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், 624 ரூபாய்.

சேவைக் கட்டணத்தை உடனே எடுக்க வைத்தேன். வாடிக்கையாளர் விரும்பாமல் அதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. இதைச் சொன்னதும் காசாளர் மறுபேச்சு இல்லாமல் அடித்துவிட்டார். இப்படிக் கேட்பவர்கள் வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கேட்காதவர்களிடம் வாங்கிக்கொள்கிறார்கள். அந்த உற்சாகத்தில் தண்ணீர் பாட்டிலுக்கும் சண்டை போட்டேன். 20 ரூபாய் பாட்டிலுக்கு 60 போட்டிருந்தார்கள். அதில் நான் தோற்றேன், நியாயமாகவே. ஓட்டலில் உட்கார வைத்துப் பரிமாறும்போது அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அது தெரியாமல் நாமெல்லாம் இந்தத் தண்ணீர் பாட்டிலில்தான் வீரத்தைக் காட்டுகிறோம்.

கூடுதல் கட்டணத்தில் அவர்கள் இறங்கி வரவில்லை. தங்கைக்குச் சாயங்காலம் தென்காசியில் ரயில். பில்லின் மேலேயே ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்துக்கொண்டு, கட்டிவிட்டு வந்தேன். இந்த ஒரு வரியை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். சம்மதித்துத்தானே கட்டினீர்கள் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். நவம்பர் மின்னஞ்சல், லாட்ஜின் கட்டணப் பலகை, பில் மூன்றையும் இணைத்தேன். சுற்றறிக்கையைச் சேர்க்கவில்லை, அண்ணாச்சிக்குத் தொல்லை வரும். மூன்று வாரத்தில் 3,600 ரூபாய் திரும்பி வந்தது. வரி மட்டும் வராதாம், அரசுக்குக் கட்டியாகிவிட்டதாம். இதுவும் ஏற்க முடியாத சாக்கு. விலையைக் குறைத்தால் கிரெடிட் நோட் (பில் தொகை குறைந்ததைக் காட்டும் திருத்தச் சீட்டு) போட்டு வரியையும் சரிசெய்ய ஜிஎஸ்டி சட்டத்திலேயே இடம் இருக்கிறது. லாட்ஜ் அறையைப் பற்றி பதிலே இல்லை. அடுத்த முறை வந்தால் 15 சதவீதத் தள்ளுபடி என்று ஒரு கூப்பன் மட்டும் அனுப்பியிருக்கிறார்கள்.

குடும்பத்தோடு இப்படிப்பட்ட பெரிய விடுதிக்குப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள்: இந்தத் தேதிகளில் உங்கள் வளாகத்தில் மாநாடோ திருமணமோ உண்டா, உண்டென்றால் எந்தத் தளம், எந்தக் குளம், எந்த நேரம் எங்களுக்குக் கிடைக்காது? தொலைபேசியில் கேட்டுப் பயனில்லை. எடுப்பவர் விற்பனைப் பிரிவு ஆள், அறையை ஒதுக்குபவர் வேறு ஆள். பதில் எழுத்தில் வராவிட்டால் முழுப் பணத்தைக் கட்டாதீர்கள். தள்ளுபடி போனால் போகட்டும்.

நான் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய்க்குள் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. கேட்கப் போவது வரியாக வாங்கிய 4,236 ரூபாயும், லாட்ஜ் அறைக்கும் எங்களுக்குத் தருவதாகச் சொன்ன அறைக்கும் உள்ள வித்தியாசமும். மனு தயாராகிவிட்டது. மூன்றாவது மாடி வரை ஏறிய படிகளையும் அதில் எழுத வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். அவள் எண்ணி வைத்திருக்கிறாள், ஐம்பத்து நான்கு.