மருந்தோடு வரும் பரு: முதல் நாளே களிம்பா, வந்தபிறகா?

செடுக்சிமாப், பானிடுமுமாப், எர்லோடினிப் போன்ற புற்றுநோய் மருந்துகள் குறிவைப்பது இஜிஎஃப்ஆர் என்ற புரதத்தை. தோலும் மயிர்க்கால்களும் நகமும் அதை நம்பியே இருப்பதால் அடி அங்கேயும் விழுகிறது. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் முகம், நெஞ்சு, மேல்முதுகில் சீழ்க்கொப்புளங்கள் கிளம்பும். பார்த்தால் முகப்பருதான், ஆனால் உற்றுப் பார்த்தால் கரும்புள்ளி ஒன்றுகூட இருக்காது. பருவுக்கென்று விற்கும் பென்சாயில் பெராக்சைடைத் தடவினால் காய்ந்த தோல் இன்னும் எரியும்.

‘வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. எல்லோருக்கும் கடுமையாக வருவதில்லை. ஏற்கெனவே கை நிறைய மாத்திரை. எதிர்த்தரப்பு மருந்து தொடங்கும்போதே ஈரப்பத களிம்பு, வெயில் தடுப்புக் களிம்பு, 1% ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பு, டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை 100 மி.கி. இருவேளை என்று ஆறு வாரம் கொடுக்கச் சொல்கிறது. பானிடுமுமாப் எடுத்த 95 பேரிடம் இரண்டு வழிகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளியானது. காத்திருந்தவர்களில் 62 சதவீதத்தினருக்கு நடுத்தரமான அல்லது அதைவிடக் கடுமையான தோல் பாதிப்பு. முன்கூட்டியே தொடங்கியவர்களில் 29 சதவீதம். சிறிய ஆய்வுதான், யாருக்கு எது என்பதை மறைத்துச் செய்ததுமல்ல. ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. கொப்புளம் முற்றினால் புற்றுமருந்தையே நிறுத்திவைக்க நேரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டாக்ஸிசைக்ளினா, அதே வகை ஆன்டிபயாடிக்கான மினோசைக்ளினா? முன்னது வெயிலில் தோலைச் சுடவைக்கும். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். பின்னதில் வெயில் தொல்லை குறைவு, தலைச்சுற்றல் வரலாம், நாள்பட்டால் தோலில் கருமை படியும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு டாக்ஸிசைக்ளினே தோது. மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

‘பரு வந்தால் மருந்து வேலை செய்கிறது, விட்டுவிடு’ என்ற பேச்சும் உண்டு. பரு கூடுதலாக வந்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்ததைப் பல ஆய்வுகள் கண்டது உண்மை. அதற்காகப் பருவை வளர்க்க வேண்டியதில்லை. தணித்தால் பலன் குறைவதாகத் தெரியவில்லை.

சொராஃபெனிப் என்ற இன்னொரு வகைப் புற்றுமருந்தில் கதையே வேறு. அங்கே உள்ளங்கையும் உள்ளங்காலும் அழுந்தும் இடங்களில் தடித்துக் கொப்பளிக்கும். டாக்ஸிசைக்ளினுக்கு அங்கே வேலை இல்லை. யூரியா களிம்பு, மெத்தென்ற காலணி, பழைய காய்ப்பை முன்பே அகற்றுவது ஆகியவைதான் கைகொடுக்கும்.