பெயிண்ட்பால் மார்க்கரின் காற்று இணைப்புகளில் படியும் பிசுக்கு: சோப்புத் துணியா, ஆல்கஹாலா, ஸ்பிரேயா?

ஒரு நாள் ஆட்டம் முடிந்தபின், சாய உருண்டைகளைச் சுடும் துப்பாக்கியான மார்க்கரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால், கைப்பிடியின் அடியில் காற்று டேங்க்கைத் திருகிப் பொருத்தும் ஏ.எஸ்.ஏ. என்ற இணைப்பின் மரைகளிலும், அங்கிருந்து மேலேறும் மேக்ரோலைன் குழாயின் முழங்கை இணைப்பிலும், காற்றின் அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் டேங்க் ரெகுலேட்டரின் கழுத்திலும் மண்ணும் கிரீஸும் சாயமும் குழைந்த ஒரு பிசுக்கு அப்பியிருக்கும். இதை அகற்றச் சிலர் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியையும், சிலர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும், இன்னும் சிலர் பட்டறையில் துருப்பிடித்த நட்டைக் கழற்றப் பயன்படும் எண்ணெய் ஸ்பிரேயையும் நாடுகிறார்கள். மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தபின் நான் நிலைத்திருப்பது சோப்புத் துணியில்தான். ஆல்கஹாலுக்கு ஓர் இடம் மட்டும் ஒதுக்கியிருக்கிறேன்.

பிசுக்கு எதனால் ஆனது என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பெயிண்ட்பாலின் ஓடு ஜெலட்டின். உள்ளிருக்கும் சாயத்தின் பெரும்பகுதி பாலிஎத்திலீன் கிளைக்கால். இரண்டும் வெதுவெதுப்பான தண்ணீரிலேயே இளகிவிடும். மறுபாதி, கசிவைத் தடுக்கும் வளையங்களான ஓ-ரிங்குகளுக்கு இட்ட சிலிக்கோன் கிரீஸ் வெளியே கசிந்து தூசியைப் பிடித்துக்கொண்டது. இது தண்ணீரிலும் கரையாது, ஆல்கஹாலிலும் எளிதில் கரையாது. துணியால் வழித்தெடுப்பதுதான் வழி. பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு சொட்டு சேர்ந்தால் அது உலோகத்தை விட்டுத் துணிக்கு வந்துவிடுகிறது. ஆல்கஹாலைக் கொண்டு தேய்க்கும்போது அதே கிரீஸ் மெல்லிய படலமாகப் பரவி, ஈரம் உலர்ந்ததும் மங்கலான வெள்ளைத் தடமாக மரை இடுக்குகளில் தங்கிவிடுவதைக் காணலாம்.

விரைவாக உலர்வதில் ஆல்கஹாலை மற்றவை நெருங்க முடியாது, ஏ.எஸ்.ஏ.வுக்கு மேலேயே எலக்ட்ரானிக் மார்க்கரின் மின்கலமும் போர்டும் இருப்பதால், இது சாதாரண வசதியன்று. ஆனால் அக்ரிலிக்கால் ஆன ஒளிபுகும் பாகங்களில் அது பட்டால் நுண்ணிய வெடிப்புகள் தோன்றலாம். பாலியூரித்தேன் ஓ-ரிங்குகளை அதில் ஊறவைப்பதும் நல்லதன்று. எண்ணெய் ஸ்பிரே அழுக்கை நொடியில் இளக்குகிறது என்பது உண்மை. ஆயினும் அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலம் அடுத்த ஆட்டத்தின் புழுதியை இன்னும் ஆவலாக ஈர்த்துக்கொள்கிறது.

இவையெல்லாம் சிறிய வேறுபாடுகள். என் தேர்வைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: துடைத்து முடித்தபின் அங்கே எது எஞ்சுகிறது?

டேங்க் ரெகுலேட்டரின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபில் நிப்பிள், அதாவது காற்று நிரப்பும் குழாய் வந்து பூட்டிக்கொள்ளும் சிறு எஃகு முனை, இந்தக் கேள்வியின் மையத்தில் இருக்கிறது. கார்பன் இழை சுற்றிய டேங்க்குகள் பெரும்பாலும் 4500 பி.எஸ்.ஐ., ஏறத்தாழ 310 பார் அழுத்தத்துக்கு நிரப்பப்படுகின்றன. காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் என்பதால், நிரம்பிய டேங்க்கில் ஆக்சிஜனின் பங்காக வரும் அழுத்தம் (பகுதியழுத்தம்) மட்டும் 65 பாரைத் தொடுகிறது. நிரப்பும் வால்வைச் சட்டென்று திறக்கும்போது நிப்பிளில் அடைபட்டிருந்த சிறிதளவு காற்று கணப்பொழுதில் அமுங்கிச் சூடேறுகிறது. வெப்பம் வெளியேற அவகாசமே இல்லாத கோட்பாட்டு நிலையைக் கணக்கிட்டால் அது ஆயிரம் டிகிரி செல்சியஸையும் தாண்டும். நடைமுறையில் அவ்வளவு உயராது என்றாலும், டீசல் எஞ்சின் தீப்பொறி இல்லாமலேயே எரிபொருளைப் பற்றவைப்பது இதே முறையில்தான். அந்த இடத்தில் ஒரு துளி எண்ணெய் இருந்தால் அதுவே எரிபொருள். ஃபில் நிப்பிளில் எண்ணெயோ கிரீஸோ இடக்கூடாது என்று டேங்க் உற்பத்தியாளர்கள் எச்சரிப்பதன் காரணம் இதுவே. ஸ்பிரேயின் நுண்துளிகள் குறிபார்த்து விழுவதில்லை, ஏ.எஸ்.ஏ. மரைக்கு அடித்தது பக்கத்திலுள்ள நிப்பிளிலும் படியும். ஆல்கஹாலும் எரியக்கூடியதே, வெளிப்பரப்பில் அது நொடிகளில் ஆவியானாலும், நிப்பிளின் வாயில் தேங்கிய சொட்டு அவ்வளவு விரைவில் உலர்வதில்லை. பிழிந்த துணியிலிருந்து அப்படிச் சொட்டுவதற்கு எதுவுமில்லை.

மார்க்கரில் எண்ணெய் விடுவதே வழக்கமாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. டிப்மேன் 98 போன்ற மார்க்கர்களில் ஏ.எஸ்.ஏ.வின் உள்ளே சில சொட்டு எண்ணெய் விட்டு வெறுமனே சுடுவது நெடுநாள் பழக்கம். அந்த இடத்தில் அது சரியானதும்கூட. அங்கே வருவது ரெகுலேட்டரைக் கடந்து, பொதுவாக 850 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைந்த அழுத்தம். நிரப்பும் பக்கமும் வெளியேறும் பக்கமும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்திருப்பதால், ஒன்றுக்குரிய பழக்கம் மற்றொன்றுக்குத் தொற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கார்பன் டை ஆக்சைடில் ஓடும் மார்க்கர்களுக்கு இந்தத் தீ ஆபத்து பொருந்தாது; அங்கே தொல்லை, வாயு ரப்பருக்குள் ஊடுருவி ஓ-ரிங்கை உப்பவைப்பதுதான். என் அனுபவம் பெரும்பாலும் உயர் அழுத்தக் காற்றோடு நின்றுவிடுவதால், அந்த மார்க்கர்களைப் பயன்படுத்துபவர்களும் ஸ்பிரேயைக் கைவிட்டே ஆக வேண்டும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

நான் செய்யும் முறை இது. முகக்கவசத்தைக் கழற்றாமலே ஏ.எஸ்.ஏ.வை மூடி, எஞ்சிய வாயுவைச் சுட்டு வெளியேற்றி, டேங்க்கைத் திருகி எடுத்துவிடுகிறேன். முதலில் நூல் உதிராத உலர்ந்த துணியால் கிரீஸை வழித்தெடுக்கிறேன். பஞ்சுக்குச்சியின் இழை நிப்பிளின் ஒருவழி வால்வில் சிக்கினால் கசிவு தொடங்கும் என்பதால் அதை நிப்பிளுக்கு அருகில் கொண்டுபோவதில்லை. பிறகு சோப்புத் துணி, அடுத்து வெறும் தண்ணீரில் பிழிந்த துணி, மறுபடியும் உலர்ந்த துணி. நிப்பிளைப் பொறுத்தவரை வெளிப்பரப்பைத் துடைத்து மூடியை மாட்டுவதோடு சரி. உள்ளே அழுக்குப் புகுந்திருந்தால் அது தகுதியுள்ள தொழில்நுட்பரின் வேலை. டேங்க் முனையிலுள்ள 015 அளவு ஓ-ரிங்கில் வெட்டோ உப்பலோ இருந்தால் மாற்றிவிடுகிறேன்.

சிலர் டேங்க்கின் கழுத்தில், வால்வுக்கும் உருளைக்கும் குறுக்கே நெயில் பாலிஷால் ஒரு கோடு இட்டிருப்பார்கள். டேங்க்கைக் கழற்றும்போது வால்வும் சேர்ந்து திரும்பிவிட்டதா என்பதை அந்தக் கோடு விலகியிருப்பதே காட்டிக்கொடுக்கும். அழுத்தம் உள்ளபோது வால்வு கழன்றால் டேங்க் ஏவுகணையாகப் பாய்ந்து உயிரையே பறிக்கக்கூடும். அசிட்டோன் அந்தக் கோட்டைக் கரைத்துவிடும். சோப்புத் துணி அதைத் தொடுவதில்லை. கரைப்பான்களை டேங்க்கின் கழுத்துப் பக்கமே கொண்டுபோகாமல் இருக்க இந்த ஒரு காரணமே போதும்.

ஆல்கஹாலுக்கு ஒதுக்கிய இடம், மேக்ரோலைன் இணைப்பின் 1/8 அங்குல என்.பி.டி. எனும் குழாய் மரை. அதைக் கழற்றி மறுபடி பூட்டும்போது மரையை இறுக்கிப் பிடிக்கும் பசையான லாக்டைட்டின் பழைய துகள்களைச் சுரண்டி, மரையில் எண்ணெய்ப் பசையே இல்லாமல் செய்தால்தான் புதிய லாக்டைட் உறுதியாக இறுகும். அந்த வேலையில் சோப்புத் தண்ணீர் ஆல்கஹாலுக்கு ஈடாகாது. மரை இடுக்கில் தங்கும் ஈரம் உலரக் காத்திருக்க வேண்டும். இணைப்பு தனியே மேசைமேல் கிடக்கும்போது மட்டும், டேங்க்கை வேறிடத்தில் வைத்துவிட்டு, ஆல்கஹால் புட்டியைத் திறக்கிறேன்.