நூலகம் தளமும் எங்கள் வரலாற்று வகுப்பும்

மட்டக்களப்பில் தரம் 7, 8 பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். முதன்மை மூலாதாரம், இரண்டாம் நிலை மூலாதாரம் என்ற பாடத்துக்கு நான் இப்போது நம்பியிருப்பது நூலகம் இணையத்தளத்தைத்தான். அந்தக் காலத்திலேயே உண்டானதோ நேரில் கண்டவர் சொன்னதோ முதன்மை; பின்னால் வந்தவர் ஆராய்ந்தோ கேட்டோ எழுதியது இரண்டாம் நிலை. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய எண்ணிம நூலகம் அது. ஈழத்துத் தமிழ் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், இறந்தவர்களுக்காக வெளியிடும் நினைவு மலர்கள் என்று பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். யாரும் இலவசமாக வாசிக்கலாம். ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அது என்ன தருகிறது என்பதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் டவுனில் வாங்கிய ஒரு பயிற்சிப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். அதில் இந்தப் பாடத்துக்கு இரண்டு கட்டங்கள். ஒரு கட்டத்தில் கல்வெட்டு, நாணயம், ஓலைச்சுவடி. மற்றதில் நூல், கட்டுரை, பாடப்புத்தகம். பிள்ளைகள் அதைப் பாடமாக்கிப் புள்ளி எடுத்துவிடுவார்கள். ஆனால் கையில் ஒரு பழைய நூலைக் கொடுத்துக் கேட்டால், “புத்தகம் தானே ரீச்சர், இரண்டாம் நிலை” என்பார்கள். இன்னொரு பிள்ளை “பழசு தானே, முதன்மை” என்பான். இரண்டு பதிலும் அந்தக் கட்டங்கள் பழக்கிய பதில்கள். ஒரு பொருளை மட்டும் பார்த்து அது எந்த மூலாதாரம் என்று சொல்ல முடியாது. அதனிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதும் தெரிய வேண்டும். இதைப் பிள்ளைக்கு விளக்காத பயிற்சிப் புத்தகத்தை நான் யாருக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

நூலகம் தளத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு விபரப் பக்கம் உண்டு. ஆசிரியர், வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று வரிசையாக இருக்கும். என் வகுப்பு அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்கும். யார் எழுதினார், எப்போது அச்சிட்டார்கள், எழுதியவர் அந்த இடத்தில் இருந்தவரா? இவற்றுக்குக் கொப்பியில் பதில் எழுதிய பிறகுதான் உள்ளே போக விடுவேன்.

அப்படிப் பார்க்கும்போது பிள்ளைகளைத் திணற வைப்பது மட்டக்களப்பு மான்மியம். எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்து 1962இல் வெளிவந்தது. எங்கள் பகுதியின் அரசர்கள், கோயில்கள், குடிகள் பற்றிய பழைய செய்திகளை ஏடுகளிலிருந்து எடுத்துப் பதிப்பித்த நூல். விபரப் பக்கத்தில் 1962 என்று கண்டதும் “அப்போ இது புதுசு” என்று முடிவு கட்டிவிடுவார்கள். அச்சான ஆண்டு வேறு, எழுதப்பட்ட காலம் வேறு, அதற்குள்ளே சொல்லப்படும் காலம் வேறு என்று மூன்றையும் பிரித்துக் கரும்பலகையில் எழுதும்போது வகுப்பே சத்தம் போடும். பதிப்பாசிரியரின் முன்னுரை அவருடைய பேச்சு, அதற்குப் பிறகு வருவது ஏட்டின் பேச்சு என்று காட்டவும் இதே நூல் போதும்.

நான் மிகவும் விரும்பி நடத்துவது துறவியும் தமிழறிஞருமான விபுலாநந்த அடிகளைப் பற்றிய வகுப்பு. காரைதீவில் 1892இல் பிறந்தவர். அவர் கட்டியெழுப்பிய சிவானந்தா பாடசாலை மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறது, சமாதியும் அங்கேதான். பிள்ளைகளுக்கு அவர் புதியவர் இல்லை. யாழ் என்ற பழந்தமிழ் இசைக்கருவியைப் பற்றி அவர் எழுதி 1947இல் வந்த யாழ் நூலை எடுத்து இரண்டு கேள்வி கேட்பேன். யாழைப் பற்றி விபுலாநந்தர் என்ன முடிவுக்கு வந்தார்? இதற்கு யாழ் நூல் முதன்மை மூலாதாரம், அவரே எழுதியது. சரி, சிலப்பதிகாரக் காலத்தில் யாழ் எப்படி இருந்தது? இதற்கு அதே நூல் இரண்டாம் நிலை. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னால் இருந்து பழைய பாடலை ஆராய்ந்து சொல்பவர் அவர். புத்தகம் மாறவில்லை, கேள்விதான் மாறியது. இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு அந்தப் பயிற்சிப் புத்தகத்தின் கட்டங்கள் பிறகு ஒருபோதும் போதாது. அவரைப் பற்றிப் பிறர் எழுதிய கட்டுரைகள் நூலகம் தளத்தில் நிறையக் கிடைக்கின்றன. எழுதியவர் அவரிடம் படித்தவரா, கேள்விப்பட்டு எழுதியவரா என்று பிரித்துப் பார்க்கும் வேலையை வீட்டுப்பாடமாகக் கொடுப்பேன்.

நினைவு மலர்களையும் விடாதீர்கள். பெரிய வரலாற்று நூலில் இடம் கிடைக்காத தபால்காரர்கள், ஆசிரியைகள், கமக்காரர்களின் வாழ்க்கை அவற்றில்தான் இருக்கிறது. அந்தக் குடும்பம் தன் பெரியவரை எப்படி நினைவில் வைக்க விரும்பியது என்பதற்கு அது நேரடிச் சாட்சி. அவருடைய சிறுவயது பற்றி அதில் பேரப்பிள்ளை எழுதியிருந்தால், அது கேட்டு எழுதியது. மலரில் நல்லது மட்டும் வந்திருக்கும் என்பதையும் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சாவீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள், இதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி பற்றிய வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு நான் இன்னும் நேரம் ஒதுக்கிப் பேசுகிறேன். “அம்மம்மா புயலுக்குள்ளே இருந்தவ, ஆனா இப்பதான் சொல்றா. பேப்பர்காரர் கொழும்பில இருந்தவர், ஆனா அந்தக் கிழமையே எழுதினவர். எது முதன்மை?” அம்மம்மா நேரில் கண்டவர், ஆனால் நாற்பது வருடத்துக்கு மேல் கடந்த ஞாபகம். பத்திரிகை அந்த நேரத்துச் சான்று, ஆனால் செய்தியாளர் மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கலாம். இரண்டையும் அருகருகே வைத்து எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று பார்க்கச் சொன்னேன். நூலகத்தாரின் ஆவணகம் என்ற தளத்தில் படங்களும் வாய்மொழி வரலாறுகளும் இருக்கின்றன. அம்மம்மாவிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று பழக்க, அங்குள்ள ஒரு நேர்காணலை முதலில் கேட்க வைப்பது நல்லது.

இவை பெரியவர்களுக்கென்று உருவான களஞ்சியங்கள். பிள்ளையைத் தனியே தேட விட்டால் தலைப்புகளின் கடலில் களைத்துப்போகும். பக்கத்தைத் தேர்ந்து கொடுப்பது ஆசிரியரின் வேலை. ஃபோன் திரையில் பழைய பத்திரிகை எழுத்து கண்ணை வருத்தும் என்பதால், வேண்டிய ஒரு பக்கத்தை மட்டும் வீட்டில் இறக்கி, கொமினிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகிறேன். விபரப் பக்கத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை கையில் இருப்பது யாருடையது என்று தெரியாத வெறும் தாள்.

புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்கள் மான்மியத்திலிருந்து தொடங்க வேண்டாம், அது இரண்டாம் தவணைக்கு இருக்கட்டும். உங்கள் ஊர்க்காரர் ஒருவரின் நினைவு மலரில் இரண்டு பக்கம், அதே ஊரைப் பற்றிப் பின்னாளில் ஒருவர் எழுதிய கட்டுரையில் ஒரு பக்கம், இவை போதும். பிள்ளைகளின் வீட்டிலிருந்து பழைய கலியாண அழைப்பிதழையோ கோயில் திருவிழா நோட்டீசையோ கொண்டுவரச் சொல்லுங்கள். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் போன்றவற்றின் மூலப்பிரதி வீட்டிலேயே இருக்கட்டும், போட்டோ கொப்பி மட்டும் வகுப்புக்கு வரட்டும்.