ஆறு கிளவுட் கணக்குகளைக் கட்டி மேய்ப்பது: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கூகுளில் மூன்று, மைக்ரோசாஃப்டில் ஒன்று, டிராப்பாக்ஸ் ஒன்று, ஆப்பிளின் ஐகிளவுட் ஒன்று. என் ஃபைல்களும் படங்களும் பல வருடங்களாக இந்த ஆறு கிளவுட் (இணையவழிச் சேமிப்பு) கணக்குகளில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு சேவையும் தன் வேலையை ஒழுங்காகவே செய்கிறது. ஆறையும் சேர்த்து நிர்வகிப்பதுதான் உயிரை வாங்குகிறது.

கணக்குகள் பெருகியதற்கு முக்கியக் காரணம் இலவச இடம். கூகுள் தரும் 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் பொது. ஐகிளவுடிலும் மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவிலும் 5 ஜிபி. டிராப்பாக்ஸில் வெறும் 2. கூகுள் ஃபோட்டோஸின் வரம்பில்லாத இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1-இல் முடிவுக்கு வந்த பிறகு, புதிய படங்களுக்காக இன்னொரு கூகுள் கணக்கைத் திறந்தேன். அலுவலகக் கணக்குகள் வேலையோடு வந்தவை.

தினமும் எரிச்சலூட்டுவது லிங்க் விவகாரம். யாராவது ஒரு ஃபைலை என் அலுவலக முகவரிக்கு ஷேர் செய்வார்கள். பிரவுசரோ முதலில் லாகின் செய்த கணக்கில் அதைத் திறந்து, அனுமதி இல்லை என்று சொல்லும். அவசரத்தில் 'அனுமதி கேள்' பொத்தானை அழுத்தினால், அனுப்பியவரும் யோசிக்காமல் என் தனிப்பட்ட முகவரிக்கு அனுமதி கொடுத்துவிடுவார். அதன் பிறகு அந்த ஃபைலில் என் கருத்துகள் பாதி ஒரு பெயரிலும் மீதி வேறு பெயரிலும் பதிவாகும். கூட வேலை செய்பவர்களுக்கு இரண்டு பேர் எழுதியது போலத் தெரியும்.

உரிமைப் பிரச்சினை இதைவிட மோசம். டிரைவில் ஒரு ஃபைலை எந்தக் கணக்கில் உருவாக்குகிறோமோ, அந்தக் கணக்குக்கே அது சொந்தம். இடமும் அதன் பங்கில்தான் குறையும். அலுவலகக் கணக்கில் உருவாக்கிய ஒன்றின் உரிமையை என் ஜிமெயில் கணக்குக்கு மாற்ற வழியில்லை. நகல் எடுக்கலாம், ஆனால் பழைய திருத்தங்களின் வரலாறு நகலோடு வராது. எழுதியவர் ஒரே ஆள் என்பது அந்த அமைப்புக்கு ஒரு பொருட்டே இல்லை.

பாஸ்வேர்டுகள் இன்று பெரிய தலைவலி அல்ல. நல்ல பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்று இருந்தால் போதும், பாஸ்வேர்ட் இல்லாமல் கைரேகை போன்றவற்றால் லாகின் செய்யும் பாஸ்கீ வந்தபின் இன்னும் எளிது. பயம் எல்லாம் கணக்கை மீட்பதில்தான். ஒரு கணக்கின் மீட்பு மின்னஞ்சல் இரண்டாவது கணக்காக இருக்கும். இரண்டாவதன் மீட்பு முகவரி முதல் கணக்காக இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டால் கதை முடிந்தது. ஒரு சேவை, நான் எப்போதோ கைவிட்ட செல்பேசி எண்ணுக்கே ஓடிபி அனுப்பிக்கொண்டிருந்தது. எண்ணை மாற்றப் போனால், அதற்கும் பழைய எண்ணிலிருந்து ஓடிபி கேட்டது. இப்போது எந்தக் கணக்கு எதை நம்பி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, ஓடிபி கிடைக்காதபோது பயன்படும் மாற்றுக் குறியீடுகளையும் அச்சிட்டு வைத்திருக்கிறேன்.

சும்மா கிடக்கும் கணக்கையும் மறந்துவிட முடியாது. இரண்டு வருடம் தொடப்படாத தனிநபர் கணக்குகளை நீக்குவதை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. மைக்ரோசாஃப்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது லாகின் செய்யச் சொல்கிறது. படங்களுக்காக மட்டும் திறந்த கணக்கு என்றால் காலண்டரில் நினைவூட்டல் வைப்பது நல்லது.

உதவியவற்றில் முதலிடம், ஒரே பிரவுசரைத் தனித்தனி லாகின்களோடு பிரித்து வைக்கும் பிரவுசர் ப்ரொஃபைல்களுக்கு. கணக்குக்கு ஒரு ப்ரொஃபைல், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் என்று பிரித்ததும் லிங்க் தொல்லை பெருமளவு குறைந்தது. ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துவோருக்கு ஒவ்வொரு டேபிலும் வேறு கணக்கைத் திறக்க உதவும் மல்டி-அக்கவுண்ட் கன்டெய்னர்ஸ் என்ற நீட்சி இதைவிட வசதி. சேவைகளுக்கு இடையே ஃபைல்களை நகர்த்த ஆர்குளோன் அருமையான இலவச மென்பொருள், கட்டளை வரியில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கப் பழகியிருந்தால்.

அலுவலகமும் சொந்த வாழ்க்கையும் தனித்தனிக் கணக்கில் இருப்பது நியாயம், அதை நான் மாற்றப்போவதில்லை. ஆனால் இடத்துக்காகக் கணக்குகளைப் பெருக்குவது சுத்தமாகக் கட்டுப்படியாகவில்லை. ஒரே கணக்கில் பணம் கட்டி இடம் வாங்குவதே மேல். இரண்டு கணக்குகளை ஒன்றாக இணைக்கும் வசதியை கூகுள் இன்னும் தரவில்லை. 2025-இல் ஆப்பிள் கொண்டுவந்த வசதியும் வாங்கிய ஆப், பாடல் போன்றவற்றை மாற்றத்தான், படங்களுக்கு இல்லை. எனவே கூகுளின் தரவுகளை இறக்கித் தரும் டேக்அவுட் மூலம், படங்களுக்காகத் திறந்த இரண்டாவது கணக்கிலிருந்து படங்களை இறக்கி, முதல் கணக்கில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அது முடிந்தாலும் இரண்டாவதை உடனே மூடப்போவதில்லை. அந்த முகவரியை வைத்து எந்தெந்தத் தளங்களில் லாகின் செய்திருக்கிறேன் என்று அமைப்புகளில் பார்த்து, ஒவ்வொன்றிலும் முகவரியை மாற்றிய பிறகுதான்.