அமெரிக்கப் போர்ச்சுருள்கள்: டிவிடி வேண்டாம், காப்பகமே போதும்

இரண்டாம் உலகப் போரின் அரிய காட்சிகள் என்று அட்டையில் பெரிதாக அச்சிட்ட டிவிடி பெட்டி ஒன்றை என் மருமகன் பரிசாக வாங்கி வந்தார். விலை நூறு வெள்ளிக்கு மேல். அதில் உள்ளவற்றில் பெரும்பகுதியை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் தன் இணையப் பட்டியலில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அமெரிக்க அரசு ஊழியர் பணியின்போது எடுத்த படத்துக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. அதனால் யாரும் விற்கலாம். யாரும் சும்மாவும் எடுத்துக்கொள்ளலாம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியனான எனக்கு இது பெரிய கொடை.

காசு ஒரு பக்கம் இருக்கட்டும். டிவிடிக்காரர்கள் செய்திருக்கும் வேலைதான் எனக்குப் பொறுக்கவில்லை. அமெரிக்க ராணுவத்தின் தகவல் தொடர்பையும் படப்பிடிப்பையும் கவனித்த சிக்னல் கோர் பிரிவின் படப்பிடிப்பாளர்கள் ஐமோ என்னும் கைக்கேமராவைத் தூக்கிக்கொண்டு போர்முனைக்குப் போனார்கள். சாவி முறுக்கினால் வில்விசையில் ஓடும் கருவி அது. நூறு அடிப் படச்சுருள் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒலிப்பதிவு கிடையாது. அந்த ஊமைப்படத்தில் பீரங்கிச் சத்தத்தையும் வயலின் அழுகையையும் ஏற்றி, நாளும் இடமும் எழுதிய பலகையை வெட்டி எறிந்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பலகைதான் முதலில் வேண்டும். அது இல்லாவிட்டால் எந்த ஊர், எந்த நாள் என்று மாணவனிடம் எப்படிச் சொல்வது?

1945 மார்ச் 6 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் எடுத்த சுருளைப் பாருங்கள். பேராலயத்தின் முன்னால் ஒரு ஜெர்மன் பேந்தர் டாங்கி நிற்கிறது. அமெரிக்க பெர்ஷிங் டாங்கியின் குண்டு அதைத் தாக்குகிறது, தீப்பிடிக்கிறது, உள்ளே இருந்தவர்கள் மேலே ஏறிக் குதிக்கிறார்கள். ஜிம் பேட்ஸ் என்ற படப்பிடிப்பாளர் அருகிலிருந்த கட்டடத்திலிருந்து எடுத்தது. சத்தமே இல்லாமல் பார்க்கும்போது அந்த மனிதர்கள் குதிப்பதை விட்டுக் கண் நகராது.

சண்டை இல்லாத சுருள்களே எண்ணிக்கையில் அதிகம். எனக்கு அவைதான் மேலும் பிடிக்கின்றன. தகரக் குவளையில் காப்பி, கடிதம் வாங்க வரிசை, பனியில் நனைந்த சப்பாத்து. 1944 குளிர்காலத்தில் ஈரக்காலால் பாதம் அழுகிப் பல்லாயிரம் பேர் படுக்கையில் விழுந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். என்னோடு அமர்ந்து பார்த்தவர், "சார், இவன் காலைப் பாருங்கள், நடக்கவே முடியவில்லை" என்று துப்பாக்கியை விட்டுவிட்டுக் காலையே காட்டினார். விடியலில் ஈரக்காட்டில் நின்றவருக்கு அது உடனே தெரிந்துவிட்டது. இன்னொன்றும் கேட்டார்: கறுப்பின வீரர்கள் ஏன் தனியாகவே வருகிறார்கள் என்று. அன்றைய அமெரிக்க ராணுவம் அவர்களைத் தனிப்பிரிவுகளில்தான் வைத்திருந்தது. 1948இல்தான் அதை ஒழிக்க அதிபர் ட்ரூமன் ஆணையிட்டார்.

ஊர் திரும்பியவர்களைப் பற்றியும் படம் உண்டு. ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஹியூஸ்டன் ராணுவத்துக்காக எடுத்த 'லெட் தேர் பி லைட்', போரால் மனம் உடைந்த வீரர்கள் மருத்துவமனையில் பேசுவதையும் அழுவதையும் காட்டுகிறது. ராணுவம் அதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொதுமக்கள் பார்க்கவிடாமல் முடக்கியது. போர்க்காலத்தில் ஜப்பானியர் கட்டாய வேலை வாங்கிக் கட்டிய சயாம் மரண ரயில் பாதையிலிருந்து திரும்பிய தாத்தாக்கள் வாய் திறக்காமலே போன குடும்பங்கள் நம்மிடம் எத்தனை! அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் படத்தை அவசியம் பார்க்க வேண்டும்.

குறையும் உண்டு. தேடுவது கடினம். பொதுவாகப் போர் என்று தட்டினால் குப்பைபோல் வந்து கொட்டும். ஊர்ப்பெயரையும் ஆண்டையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தட்ட வேண்டும். எல்லாச் சுருளும் இன்னும் கணினிக்கு ஏறவில்லை. சிலவற்றுக்குக் காட்சிவாரியான குறிப்பு இருக்கிறது, சிலவற்றுக்கு ஒற்றை வரிதான். கோப்புகள் பெரியவை; எங்கள் தோட்டப் பக்கத்து இணைய வேகத்தில் இரவில் இறக்கிவைப்பதே நல்லது. வகுப்பில் காட்டும் ஆசிரியர்கள் முழுச்சுருளையும் தாங்களே முதலில் பார்த்துவிடுங்கள்: வதைமுகாம் காட்சிகளுக்கு முன்னால் எச்சரிக்கை எதுவும் வருவதில்லை.